விமர்சகரின் வீடு தெரிந்தவர்

மாதாப்பூர் டீக்கடையில், ஓர் எலக்ட்ரானிக் இசைக்குழுவின் ரசிகர்கள் கூடியிருந்தோம். புது ஆல்பத்தில் குழு வழி தவறிவிட்டதாக ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். எனக்கு அது சரியென்றே பட்டது. மற்றவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர் மட்டும் இயர்போன் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் வீடு போலாரத்துல. காலைல மகளை ஸ்கூல் பஸ்ல ஏத்திவிடுவாரு," என்றார் மெதுவாக.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"தினமும் போய்ப் பாக்கறேன். நீங்க எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்தாங்க," என்று பொய் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் விமர்சகரை எச்சரித்துச் செய்தி அனுப்பினேன். "தெரியும். அந்த ஆள் நேற்று என் மகளுக்குக் கையசைத்தார். அவளும் அசைத்தாள். போலீசுக்குப் போகிறேன்," என்று பதில் வந்தது.

அந்த மனிதர் ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லையே என்பதுதான் இன்றும் என்னை நடுங்க வைக்கிறது.