பெரியவரின் இடது காது

எங்கள் ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும்போது யாரும் புலி என்று சொல்லமாட்டோம், பெரியவர் என்போம். பெயரைச் சொன்னால் வந்துவிடுமாம். பக்கத்து மர நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவளை அது இழுத்துப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அதன் இடது காது பாதி கிழிந்திருந்தது. அடுத்த மாதமே துரை அதைச் சுட்டு, வடக்கே ஒரு சின்ன ஊர் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். துரை சொன்னால் வேதவாக்கு. அன்றிலிருந்து நாங்கள் வாய்க்கொழுப்பெடுத்து, புலி புலி என்று கூவிக்கொண்டே வெட்டினோம்.

நாத்தனார் கல்யாணத்துக்கு அந்த ஊருக்குப் போனபோது, என் வீட்டுக்காரர் என்னை மியூசியத்துக்கு இழுத்துப் போனார். மொத்தம் இரண்டே அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் அது நின்றது. கீழே எழுதியிருந்த எங்கள் தோட்டத்தின் பெயரைக் காவல்காரர் வாசித்துக் காட்டினார்.

"பாத்தியா, புலி செத்துப்போச்சு. இனி என்ன பயம்?" என்றார் வீட்டுக்காரர்.

பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். இரண்டு காதும் முழுசாக இருந்தன. தைத்த தடம்கூட இல்லை.

"வாய மூடுங்க," என்றேன். "பெரியவரு இன்னும் அங்கதான் இருக்காரு."

திங்கட்கிழமை விடியுமுன் அதே நிரைக்கு நான் போயாக வேண்டும். இத்தனை மாதமாக எத்தனை தடவை அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்போம்!