முப்பத்தொன்றாம் தேதி வரை என் வீடு

முழங்கால் இரண்டும் இனிப் படி ஏறாது என்று ஆனபிறகுதான் ராஜபாளையம் வீட்டைக் காலி செய்தேன். அது மாடி வீடு. கீழே வீட்டுக்காரரின் பெயிண்ட் கிடங்கு. ஒன்பது வருஷமாக அந்தப் படிகளைக் கூட்டியவள் நான்தான். பழைய பூட்டு கெட்டுப்போனபோது புதுப் பூட்டு வாங்கிப் போட்டதும் நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில், மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், தரையோடு ஒரு வீடு கிடைத்தது. மகளோடேயே இருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். முப்பது வருஷம் மில்லில் நின்று வேலை பார்த்தவள் நான். எனக்கு என் கதவு வேண்டும்.

ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள் போய்விடுவேன் என்று வைகாசியிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன பெரியம்மா, உங்க சௌகரியம்" என்றார். ஜூலை பதினோராம் தேதி நல்ல நாளாக அமைந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அட்வான்ஸ் பணத்தை வாங்க பஜாரில் இருக்கும் அவர் பெயிண்ட் கடைக்குப் போனேன்.

கவரைக் கொடுத்தார். "ஜூலை வாடகையைப் பிடிச்சிருக்கேன்" என்றார்.

"பதினோரு நாளுதான தம்பி இருந்தேன்?"

"ஒண்ணாந்தேதி தாண்டிட்டா முழு மாசம் பெரியம்மா. மாசத்தைப் பிய்ச்சுப் பிய்ச்சுக் கணக்குப் பாக்க நமக்குத் தெரியாது. அக்ரிமெண்டுல இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாது. இது அவருக்கும் தெரியும். கடையில் கலர் அட்டை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கவரை மடியில் செருகிக்கொண்டு கிளம்பினேன். இறங்கும்போது, "சாவியை நாளைக்கு யாருகிட்டயாவது குடுத்து விடுங்க" என்ற குரல் முதுகில் விழுந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து கவரிலிருந்த பணத்தை எண்ணிப் பார்த்தேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. என்னைப் படிக்காதவள் என்று நாலு பேர் முன்னால் வைத்து மடக்கியதுதான் பொறுக்கவில்லை. அப்போதுதான் யோசித்தேன். முப்பத்தொன்றாம் தேதி வரை வாடகை வாங்கியாயிற்று என்றால், முப்பத்தொன்றாம் தேதி வரை அது யார் வீடு? சாவி என் முந்தானையில் இருந்தது. இன்னும் இறுக்கி முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ராஜபாளையம் போனேன். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி, பூட்டைத் திறந்து, காலி வீட்டைக் கூட்டி, வாசலில் கோலம் போட்டேன். செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு திரும்பினேன். அடுத்த நாளும் போனேன். வீட்டுக்காரர் என் மகளுக்குப் போன் செய்திருக்கிறார். "அம்மா, அவிய சாவி கேக்காவ" என்றாள். "முப்பத்தொண்ணாந்தேதி தருவேன்னு சொல்லு" என்றேன்.

மூன்றாம் நாள் போனபோது படியில் ஒரு பெண்ணும் அவள் புருஷனும் நின்றார்கள். அவள் கையில் பால் சொம்பு, அவன் கையில் அடுப்பு. சேத்தூரிலிருந்து குடிவருகிறவர்களாம். பால் காய்ச்ச வந்திருக்கிறார்கள். ஆடிக்கு முன்னால் அதுதான் கடைசி நல்ல நாள். வீட்டுக்காரரும் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"பெரியம்மா, நல்ல நேரம் முடியப்போவுது. சாவியைக் குடுங்க."

 நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஏத்தா, இந்த மாசத்துக்கு உங்ககிட்ட வாடகை எம்புட்டு கேட்டாவ?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டான். "பதினெட்டு நாளைக்கு மட்டும் கணக்குப் போட்டுக் குடுத்தாப் போதும்னாரு ஆச்சி."

மாசத்தைப் பிய்க்கத் தெரியாது என்று சொன்ன ஆள், நாள் எண்ணி வாடகை பேசியிருக்கிறார்.

"தம்பி, கணக்கு நல்லாத்தான் வருது உங்களுக்கு" என்றேன். "என் பேருல மட்டுந்தான் வர மாட்டேங்குது."

"அதை அப்புறம் பேசிக்கிடலாம் பெரியம்மா. பிள்ளைக நிக்குது பாருங்க."

"பிள்ளைகளுக்காகத்தான் திறக்கேன். இந்த மாசம் முடியுத வரைக்கும் இது நான் வாடகை குடுத்த வீடு. இதுக என் வீட்டுக்கு விருந்தாளியா வருதுக. விருந்தாளிகிட்ட யாரும் வாடகை வாங்கக் கூடாது. சரியா?"

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. "சரி, சரி" என்றார். அந்தப் பிள்ளைகள் கேட்கும்படி இன்னொரு முறை சொல்ல வைத்தேன். பிறகுதான் திறந்தேன். பால் பொங்கியது. முதல் டம்ளரை அவள் என்னிடம் நீட்டினாள். அவருக்கு இரண்டாவது. குடித்துவிட்டு, என் பூட்டையும் சாவியையும் அவளிடமே கொடுத்தேன், அவர் கையில் கொடுக்கவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கோயிலுக்கு வந்திருந்தாள். வாடகை விஷயம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடுத்துட்டோம் ஆச்சி. நீங்க போன மறுநாளே வந்து கேட்டாரு. தண்ணி மோட்டார் அவருதான போட்டு விடணும். நாங்க எப்படி முடியாதுன்னு சொல்ல?"

அவளை நான் திட்டவில்லை. அந்த வீட்டில் இருக்க வேண்டியவள் அவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நேராகப் பெயிண்ட் கடைக்குப் போனேன். ஆள் நிறைந்திருந்த நேரம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, நான் இல்லாத இருபது நாளைக்கு வாங்கின வாடகையைக் குடுங்க. அதுல பதினெட்டு நாளுக்குச் சேத்தூர் பிள்ளைககிட்டயும் வாங்கியிருக்கீங்க" என்றேன். எனக்கு மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"கடையில வச்சு என்ன பெரியம்மா இது" என்றார்.

"கடையில வச்சுத்தான நீங்களும் சொன்னீங்க."

அன்று தரவில்லை. அடுத்த வெள்ளியும் போனேன். அவர் கடையின் உள்ளறைக்குள் போய்விட்டார். வந்தவர்கள் கேட்க, நான் சொன்னேன். அதற்கடுத்த வெள்ளியும் போனேன். இந்த வெள்ளியும் போவேன். எனக்கு வேறு வேலையில்லை. டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட்டும் கிடையாது.