வேலியில் எடுத்த ஆண் செடி

எங்கள் அப்பா மஞ்சள் விளக்குக்கே வண்டியை நிறுத்திவிடுகிறவர். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்து வைதுவிட்டுப் போனாலும் அசையமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை திருடியிருக்கிறார். திருடியது பொன்னா பொருளா? ஒரு முள்ளுச் செடி. அதற்கு நான்தான் சாட்சி.

எல்லாவற்றுக்கும் காரணம் அம்மாவின் காடு. அம்மா கோபிப் பக்கம் வேளாண்மை படித்தவள். அவள் வந்த விசாவில் வேலை பார்க்கக்கூடாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. நாங்கள் குடியிருக்கும் எடிசன் ஊரின் குளிருக்கு இரண்டு முருங்கையையும் ஒரு கறிவேப்பிலையையும் வாரிக் கொடுத்த பிறகு, குளிரைத் தாங்குகிறதை மட்டும் வைத்து ஓர் உணவுக்காடு போட்டே தீருவது என்று கிளம்பிவிட்டாள். மேலே மரம், நடுவில் புதர், கீழே கீரை, எல்லாமே தின்னக்கூடியவை. அந்தக் காட்டுக்கு அவள் ஆசைப்பட்டது சீபக்தார்ன். குச்சியெல்லாம் முள், முள்ளுக்கு நடுவே மொய்மொய்யென்று ஆரஞ்சுக் காய். “குளிர் தேசத்து நெல்லிக்காய் கண்ணு” என்பாள்.

நர்சரியில் கன்று ஒன்று நாற்பது டாலர் என்றதும் அப்பாவுக்கு மூச்சு நின்றுவிட்டது. “முள்ளுக்கா நாப்பது டாலரு? நம்மூர்ல முள்ளை வெட்டிப் போடறவனுக்குத்தான் கூலி குடுப்போம்!”

அதிலும் ஒன்று வாங்கினால் போதாது. பப்பாளி மாதிரி இதில் ஆண் வேறு, பெண் வேறு. ஓர் ஆண் பக்கத்தில் நின்றால்தான் பெண் செடிகள் காய்க்கும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இலையையும் முள்ளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அம்மா இரண்டு மாதம் இணையத்தைச் சல்லடை போட்டுச் சலித்து ஓர் ஆளைப் பிடித்தாள். வேரிலிருந்து தானாகக் கிளம்பிய கன்றுகள், ஒன்று ஐந்து டாலர், நீங்களே தோண்டிக்கொள்ளவேண்டும். இடம் பென்சில்வேனியா எல்லைக்கு அருகே. நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை புறப்பட்டோம். நான் அப்போது தேர்ட் கிரேடு.

ரோடு முடிகிற இடத்தில் அந்த வீடு. வீடு என்று சொல்கிறேனே தவிர, கூரை மட்டும்தான் தெரிந்தது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சீபக்தார்ன் வேலி. இலை உதிர்ந்த குச்சிகளில் காய் மட்டும் அப்பிக்கொண்டிருந்தது. இத்தனை பழம் கிடக்கிறதே, ஒரு குருவி வேண்டுமே, இல்லை. காற்றில் புளித்துப்போன மோர் வாடை.

செடிக்காரர் வயதானவர், நெட்டையான வெள்ளைக்காரர். பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாகப் பேசினார். வீட்டு கேட்டில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. எல்லோரும் உள்ளே இருந்துகொண்டு வீட்டைப் பூட்டுவார்கள். இவர் வெளியே வந்து நின்று பூட்டினார். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று பாதியில் நிறுத்திவிட்டு கேட்டைத் திறந்து உள்ளே ஓடுவார். திரும்பி வந்து, மறுபடி பூட்டி, விட்ட இடத்திலிருந்து பேசுவார்.

வெளிக்காட்டில் நிற்பதெல்லாம் பெண் கன்று, எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள் என்றார். ஆண்? ஆண் வேலியில்தான் இருக்கிறது. வேலியை மட்டும் தொடக்கூடாது.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அவ்வளவு தூரம் வந்து, நாலு பெண் கன்றை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்ய? இருந்தாலும் தோண்டினாள். அப்பாவின் பழைய வேட்டியை நனைத்து வேர்களைச் சுற்றினாள்.

எனக்குக் குளிர் தாங்கவில்லை. வேலியை ஒட்டி நிறுத்தியிருந்த எங்கள் வேனில் ஏறி ஐபேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன், வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ நகர்ந்தது. குச்சிகளுக்கு இடையில் வெளிர் நீலம். நான் பார்த்தால் நின்றது. குனிந்தால் நகர்ந்தது. இரண்டு மூன்று தடவை சோதித்துப் பார்த்தேன், கூப்பிடத் தோன்றவில்லை.

அந்தச் சமயம் அப்பா பெண் கன்றுகளை வண்டியில் ஏற்ற வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஆண் செடிக்கு மொட்டு பருமனாக இருக்கும் என்று அம்மா வழியெல்லாம் பாடம் நடத்தியிருந்தாள். வேலி மெலிந்த ஓரிடத்தில், என் உயரத்துக்கு இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கத்தரியால் கிளைகளைக் கழித்து, மண்வெட்டியால் நாலே போடு. செடி கையோடு வந்துவிட்டது. அது இருந்த குழியில் ஒரு ஐந்து டாலர் நோட்டை வைத்து மேலே கல்லும் வைத்தார். திருட்டுக்குக்கூட ரசீது வைக்கிற மனிதர்! என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துவிட்டு, செடியைப் பின்னால் திணித்துக் கதவை அடைத்தார். அம்மாவைக் கூட்டிவர ஓடினார்.

அவர் போன மறு நிமிஷம், செடியைப் பிடுங்கிய சந்து வழியாக ஒரு கை வந்தது. பிறகு தலை. வெளிர் நீல ஸ்வெட்டர் போட்ட, ஒல்லியான, முடி முழுக்க நரைத்த ஒரு பெண்மணி. காலில் வெறும் சாக்ஸ். முள் கிழித்து விரலெல்லாம் ரத்தம் முத்து முத்தாக நின்றது. அது வலித்ததாகவே தெரியவில்லை. ஜன்னலருகே வந்து, “கிளம்புகிறீர்களா? எனக்கு நேரமாகிவிட்டது” என்று இங்கிலீஷில் சொன்னாள்.

நான் பட்டனை அமுக்கிக் கதவைத் திறந்துவிட்டேன்.

ஏன் திறந்தாய் என்று பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டார்கள். இதென்ன கேள்வி? கோவிலுக்கு, இந்தியன் கடைக்கு, டாக்டரிடம் என்று கார் ஓட்டாத ஆன்ட்டிகளை ஏற்றி இறக்குவதுதான் எங்கள் வேனின் பிழைப்பு. ஆன்ட்டி ஏறினால் ஐபேட் சத்தத்தைக் குறைத்துவிட்டு “ஹாய் ஆன்ட்டி” சொல்லவேண்டும். சொன்னேன். அவள் எனக்குப் பின்சீட்டில், செடிகளுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா அம்மாவை இழுக்காத குறையாகக் கூட்டிவந்து வண்டியை எடுத்தார். கண்ணாடியில் பின்னால் செடியைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது. ஐந்து மைல் தாண்டியதும்தான் விஷயத்தைச் சொன்னார்.

“ஏனுங்க, அந்த ஆள் வேண்டாமுன்னு சொன்னாரல்லங்க!”

“அத்தாப் பெரிய வேலி, ஒரு கன்னு போனா என்ன? காசு வெச்சுட்டுத்தான் வந்தேன்.”

அம்மா திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். அவளுக்கு ஆண் செடி கிடைத்துவிட்டதே.

அவர்கள் முன்னால் அப்படிப் பேசிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து என் தலையை ஒரு கை தொட்டது. ஐஸ் மாதிரி விரல்கள். என் முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தன. “நன்றாக வளர்ந்துவிட்டாய், ஆனி” என்றாள் காதருகே. எனக்குத் தெரிந்த ஆனி அம்மாவின் காலண்டரில் இருக்கிற மாதம்தான். பின்னி முடிப்பாள், அவிழ்ப்பாள், மறுபடி முதலிலிருந்து பின்னுவாள். எனக்கு முதுகெல்லாம் சில்லிட்டது. ஆன்ட்டியிடம் மரியாதைக் குறைவாக நடக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரம் கழித்துப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். பெட்ரோல் போட வந்த ஆள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “சார், பின்னால் இருக்கிற அம்மாவை பெல்ட் போடச் சொல்லுங்கள்” என்றார்.

“எந்த அம்மா?” என்று அப்பா திரும்பினார். முள்ளுக் கிளைகளுக்கு நடுவே நரைத்த தலை ஒன்று அவரைப் பார்த்துச் சிரித்தது.

“முருகா!” என்று அம்மா அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்பா அவசரமாக ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். “வெள்ளக்காரம்மாவைக் கடத்தீட்டம்னு சொல்லுவான். கிரீன் கார்டு பேப்பர் உள்ள கெடக்குது. தொலைஞ்சோம்!”

அம்மா அதற்குள் செடிக்காரருக்கு போன் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் அவர் எங்களைத் திட்டவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: “அவளுக்குக் குளிரவில்லையே?” போலீசுக்குச் சொல்லியிருப்பதாகவும், கிடைத்துவிட்டாள் என்று தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “நாம் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடாதே. அந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது.”

நான் அதை அப்படியே கத்திச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. வண்டி திரும்பியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டு கட்டிவிட்டது. வேலியின் சந்தில் அவர் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் அவளுடைய ஷூக்களோடு நின்றார். அவள் இறங்க மறுத்தாள். “என் கணவர் எங்கே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர் மண்ணில் முட்டி போட்டு, ஷூவை ஒவ்வொன்றாக மாட்டி, லேஸ் கட்டினார். “மேடம், உங்கள் கணவர் வேலைக்குப் போயிருக்கிறார். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார். அதுவரை உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.”

அவள் யோசித்தாள். “அவருக்குக் கறுப்பு முடி” என்றாள்.

“தெரியும் மேடம்.”

“கேட்டீங்களா? அவர் ஹஸ்பெண்ட் இல்லை! அவரே சொல்லிட்டார்!” என்று நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு அவர் திரும்பி வந்தார். ஞாபகம் தப்ப ஆரம்பித்த பிறகு இரண்டு தடவை ஆற்றங்கரை வரை போய்விட்டாள், அதற்குப் பிறகுதான் இந்த வேலியை இப்படி அடர்த்தியாக வளர்த்தேன் என்றார். அப்பா தலையைத் தூக்கவே இல்லை.

அம்மா வேனைத் திறந்து அந்த ஆண் செடியை எடுத்தாள். எடுத்த குழியிலேயே இறக்கி, மண் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினாள். போதாதென்று பெண் கன்றுகள் நாலையும் இருபக்கமும் நெருக்கி நட்டாள். அப்பா டார்ச் பிடித்தார்.

“அப்ப உன்ற காய்?”

“காய்க்காட்டிப் போவுதுங்க.”

சந்து அடைபடுவதை நான் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தேன். அம்மா மேல் அப்படியோர் ஆத்திரம் வந்தது. அறியாத ஆளிடம் ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, சிறைக்குச் சுவரும் வைத்துவிட்டு வருகிறாளே! அவள் ஏறியதும் “யூ ஹெல்ப்ட் ஹிம்” என்றேன். அம்மா பெல்ட்டை மாட்டினாள். கையெல்லாம் முள் கீறியிருந்தது.

வீடு வந்து சேரும்வரை அம்மா ரோட்டைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தையே மனப்பாடம் பண்ணுகிறவள்போல் பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பா தப்பான வழியில் ஓட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, நான் ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டு வந்தேன்.