எந்த ஆறு மணி?

பாட்டில் தொழிற்சாலையில் அவருக்கு ஆந்தை என்று பெயர். வைத்தவர்கள் பாசத்தோடுதான் வைத்தார்கள். கண்ணாடி உருக்கும் உலையை அணைக்க முடியாது என்பதால் அங்கே மூன்று ஷிப்ட். வாரத்துக்கு ஒன்று மாறும். விளக்குக்கு முன்னால் வரிசையாக ஓடும் பாட்டில்களில் விரிசல் விட்டதைப் பொறுக்கி எடுப்பது, இருபத்தாறு வருடமாக அவர் வேலை. பகலில் மயிரிழை விரிசல்கூடத் தப்பாது. விடியற்காலை நாலு மணிக்கோ கண் திறந்திருக்கும், பாட்டில் போகும், மூளைக்குத் தகவல் வந்து சேராது.

"உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. வாராவாரம் அதைப் பிடிச்சுத் திருகினா அது என்னதான் பண்ணும்?" என்பார் கம்பெனி டாக்டர். சொல்லிவிட்டு, ஐந்தடித்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் மகராசன்.

அந்த வாரம் ஆந்தையின் மனைவி இதயக் கோளாறோடு ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். பார்க்க விடுவது மாலை நாலு முதல் ஐந்து வரை. லீவெல்லாம் தீர்ந்துபோய், அவர் இரவு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கண்டிப்பா வாங்க. ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லேன்."

"இப்ப மூச்சு வாங்குது. நாளைக்கு."

சனிக்கிழமை காலை வேலை முடிந்து வந்தவர் படுக்கவே இல்லை. படுத்தால் போச்சு என்று தெரியும். வீட்டைக் கூட்டினார், நின்றபடியே சாப்பிட்டார், மூன்று தடவை முகம் கழுவினார். விழித்திருக்க விழித்திருக்க உள்ளே ஏறிக்கொண்டே போவது தூக்கம். தண்ணீர் தெளித்தால் இறங்குமா? மூன்று மணிக்குச் சட்டை மாற்றி, தலை வாரி, ஷூ மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

கண் விழித்தபோது மணி ஆறு. ஜன்னலில் மங்கல் வெளிச்சம். அப்பாடா, இப்போதுதான் விடிகிறது, நாலு மணிக்கு இன்னும் பத்து மணி நேரம் கிடக்கிறது என்று நினைத்தார். வெளியே போகிற சட்டை ஏன் உடம்பில் இருக்கிறது என்று கேட்கும் அளவுக்கு மூளை எழுந்திருக்கவில்லை. டீ போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நிம்மதியாக நின்றார். பல நாளைக்குப் பிறகு கிடைத்த நிம்மதி, பாவம்.

வெளிச்சம் கூடவில்லை. குறைந்தது. எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஓடினார். அதற்குள் அவள் வாயில் குழாய் போட்டிருந்தார்கள். ஐந்தரைக்கு மூச்சுத் திணறிவிட்டதாம். பிறகு அவள் கண் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை போய்விட்டாள். என்ன சொல்ல நினைத்தாள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

அவள் துணிமணியை வாங்கிக்கொள்ளப் போனபோது நர்ஸிடம் கேட்டார்.

"சனிக்கிழமை என்னைத் தேடினாளாம்மா?"

"வாசலையே பார்த்துட்டு இருந்தாங்க. நாலரைக்கு உங்களுக்குப் போன் போடவான்னு கேட்டேன்." நர்ஸ் துணிப் பையை அவர் பக்கம் நகர்த்தினாள். "வேண்டாம்னுட்டாங்க. 'நைட் ஷிப்ட் பார்த்துட்டு வந்த மனுஷன், அசந்திருப்பாரு. தூங்கட்டும், எழுப்பாதீங்க'ன்னாங்க."