நாற்பதாம் நாள் சுவரொட்டி

"பணி: தட்டச்சு. படிவத்தில் பெயரும் தேதியும் நிரப்புதல். சொந்தமாக எழுத வேண்டியதில்லை." பால்கன் மலையடியில் இருந்த அச்சகத்தில் யோர்தான்காவின் பணிக்குறிப்பு இதுதான்.

பல்கேரியர் யாரும் ஒரே தடவையில் செத்துப்போவதில்லை. செத்த அன்று படத்தோடு ஒரு சுவரொட்டி, நாற்பதாம் நாளுக்கு இன்னொன்று என்று வாசல் கதவிலும் மின்கம்பத்திலும் ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் நின்று படிப்பார்கள். அச்சக முதலாளி கிரிகோரிடம் எல்லாருக்கும் ஒரே வாசகம்: தங்க இதயம், அணைந்த விண்மீன், ஊரின் தூண்.

குழாய் ரிப்பேர்காரர் ஸ்தொய்மெனுக்கும் முதலில் அதைத்தான் ஒட்டினார்கள். அவரிடம் வசவு வாங்காத வீடு ஊரில் கிடையாது. "தங்க இதயமாம்ல!" என்று கம்பத்தடியில் சிரித்தார்கள். அடக்கத்துக்கு வந்தது ஆறு பேர். நாற்பதாம் நாளும் கல்லறையில் தனியாக நிற்கவேண்டி வருமோ என்ற பயத்தோடு மகள் நெதெல்கா அச்சகத்துக்கு வந்தாள்.

"இந்தத் தடவையாச்சும் நாலு பேர் வரணும்க்கா."

"தூணெல்லாம் இருக்கட்டும். அப்பா என்ன பண்ணுவாரு, அதச் சொல்லு."

"கூப்பிட்டா வருவாரு. ஆனா திட்டுவாரு."

யோர்தான்கா அதை அப்படியே எழுதிப் பார்த்தார். வசவுதான் காதில் நின்றது. வரிசையைத் திருப்பிப் போட்டார். சொற்கள் அவையேதான், ஆள் வேறாகிவிட்டார். இன்னும் கொஞ்சம் விசாரித்து முடித்தார்: "ஸ்தொய்மென் திட்டினார். ஆனால் வந்தார். குழாய்கள் உறைந்த ஜனவரியில் பதினெட்டு வீடுகளுக்கு வந்தார்."

கிரிகோர் தலையில் கை வைத்தார். "செத்தவரப் போயி திட்டுனாருன்னு போடுறியே! விண்மீன் எங்கம்மா?"

"தொட்டிக்கு அடியிலயே கெடந்த மனுசன் எப்ப முதலாளி வானத்துக்குப் போனாரு?"

நெதெல்கா முதல்முறையாகச் சிரித்தாள். "இதையே அடிங்க."

மறுநாள் கம்பத்தடியில் வழக்கம்போல் சிரிப்பு. பிறகு ஒருவர், "எங்க வீட்டுக்கும் வந்தாரு. கஞ்சப்பயன்னு திட்டிக்கிட்டே சரிபண்ணாரு" என்றார்.

"என்னையக் கழுதைன்னாரு!"

"உன்ன சரியாத்தான்யா சொல்லியிருக்காரு."

நாற்பதாம் நாள் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. வந்தவர்களுக்குக் கொடுக்க நெதெல்கா வழக்கப்படி வேகவைத்துக் கொண்டுவந்த கோதுமை பாதிப் பேருக்குக்கூடப் போதவில்லை. தாங்கள் வாங்கிய வசவுகளை ஆளாளுக்குப் பதக்கம்போல் எடுத்துக்காட்டியபடி செத்தவருக்காக மண்ணில் ஒயினை ஊற்றினார்கள். திட்டே வாங்காத ஒருவர் மட்டும் கொஞ்சம் ஒதுங்கியே நின்றார்.

யோர்தான்கா செய்தது: மூன்று உருவகங்களை நீக்கினார், ஒரு பேச்சின் முன்பாதியைப் பின்னால் வைத்தார்.