ஜூடி கவிழ்க்காத கிளாஸ்

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜூடி பாதி டீயோடு கிளாஸைப் பலகையில் வைத்துவிடுவாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்திக்கொள்வாள். எதிரே திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் கேட். அதன் தடுப்புக் கம்பம் ஏற எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவாள். லேப்டாப்பில் எல்லாக் கணக்கும் இருக்கிறது. இருந்தாலும் கம்பத்தைக் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

"குடிச்சியா இல்லியா? கவுத்து வெச்சாத்தானே எடுப்பேன்?" என்பாள் கடைக்கார ரஹீமுன்னிசா. அந்தக் கடையில் அது சட்டம். குடித்து முடித்தவர்கள் கிளாஸைக் கவிழ்க்க வேண்டும். ஒவ்வொரு கிளாஸுக்காகவும் அடுப்பை விட்டு நகர மாட்டாள். கூட்டம் ஓய்ந்ததும் மொத்தமாக அள்ளிக் கழுவுவாள்.

"நில்லுக்கா, வேல இன்னும் முடியல."

ஜூடி ராயபுரத்துப் பெண். முப்பத்தாறு வயது. கைப்பையில் எப்போதும் கிழித்த காலண்டர் தாள்கள், பின்பக்கம் முழுக்கக் கட்டமும் அம்புக்குறியும். கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள், பென்சில் சீவுவாள். பரசுராமன் நடத்தும் சின்னக் கம்பெனியில் வேலை. அவர்கள் செய்த பெட்டிதான் அந்த கேட்டில் இருக்கிறது. லாரி வந்தால் அதை வீடியோ படம் பிடித்துச் சேமித்த பிறகுதான் கம்பத்தைத் தூக்கும். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அதன் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கும் கர்னல்தான் மற்ற புரோகிராம்களுக்கெல்லாம் மேஸ்திரி. ஜூடி திருத்துவது அந்த மேஸ்திரியை.

தினமும் பதினொன்றுக்குப் பெட்டி பழைய படங்களை அழிக்கும். அழித்தால் மட்டும் போதாது. 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று சேமிப்புச் சில்லுக்குக் கர்னல் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் டிஸ்கார்டு. ஆயிரக்கணக்கில் சொல்லும், ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை கைகட்டி நிற்கும். அதுவரை புதுப் படம் ஏறாது, கம்பமும் எழாது. ஒன்றரை நிமிடம்கூட ஆகும். எண்ணூர் சாலை முழுக்க ஹாரன்.

"இன்னா ஜூடிம்மா, பொட்டி தூங்கிடுச்சா? தாலாட்டு நீ பாடுனியா?" டிரெய்லர் ஓட்டும் கஸ்பார்தான் முதலில் கத்துவார்.

ஜூடி ஒரு வழி செய்தாள். டிஸ்கார்டுகளை ஒரு பட்டியலில் போட்டுவைத்து, சில்லு சும்மா இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினாள். கம்பம் பட்டென்று எழுந்தது. பரசுராமன் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் வாரம் கம்பம் ஒடிந்து கிடந்தது. கஸ்பாரின் வண்டி இடித்தது என்றார்கள்.

"நா இடிக்கல நைனா! அது தானா வுயுந்துச்சு. பொட்டிய போட்டுப் பாரு!"

போட்டுப் பார்த்தார்கள். சரியாக அந்த எட்டு நிமிடம் வெறும் கறுப்பு. கஸ்பாரின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

தப்பு ஜூடியுடையது. பட்டியலில் காத்திருந்த இடங்களை அப்போதே காலி என்று அறிவித்திருந்தாள். புதுப் படம் அதில் போய் உட்கார்ந்தது. தாமதமாகப் போன டிஸ்கார்டு அதையும் துடைத்துவிட்டது. துடைத்தது துடைத்ததுதான், மீட்க முடியாது. அன்றைக்கு ஒரு முழுப் பென்சில் தீர்ந்தது. மறுநாள், 'படம் போனது என் புரோகிராமால். டிரைவர் பொய் சொல்கிறார் என்பதற்கு அது சாட்சியாகாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு யார்டு மேனேஜரிடம் நீட்டினாள். பரசுராமன் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு மாதக் கெடு கிடைத்தது. அதற்குள் சரியாகாவிட்டால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். பாஸ் மட்டும் கிடைக்கவில்லை.

கஸ்பார் டீக்கடைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். "எனக்குப் புரியிற மாரி சொல்லு. என் எட்டு நிமிசம் எங்க பூச்சு?"

ஜூடி பலகையில் கவிழ்ந்திருந்த கிளாஸ்களைக் காட்டினாள். "இதெல்லாம் கழுவ வேண்டியது. அக்கா அள்ள வர்றதுக்குள்ள ஒருத்தன் நிமித்தி டீ ஊத்திக்கிறான். அக்கா பாக்காம அள்ளிகினு போயி கொட்டிடுது. கொட்டுன டீ உன்னுதுண்ணா."

"கவுத்த கிளாஸ்ல நா கழுவாம ஊத்துவேனாடி?" ரஹீமுன்னிசா கரண்டியோடு திரும்பினாள்.

"நீ ஊத்த மாட்டக்கா. நான்தான் ஊத்திட்டேன். இப்ப மாத்திட்டேன். கழுவியாச்சுன்னு சில்லு சொல்றவரிக்கும் அந்த எடத்த யாருக்கும் குடுக்கறதில்ல."

கஸ்பார் மீசையைத் தடவினார். "செரி, கும்பல் வந்துடுது. கிளாஸ் பூரா கவுந்து கெடக்குது. அப்ப இன்னா பண்ணுவ?"

"உக்காந்து எல்லாத்தையும் கழுவிடுவேன்."

"க்கும்," என்றாள் ரஹீமுன்னிசா. "நீ கழுவிகினே இரு, கும்பல் அடுத்த கடைக்குப் பூடும். நாலு கழுவு, ஊத்து. அப்பால நாலு கழுவு."

ஜூடி காலண்டர் தாளை எடுத்து நாலு நாலாகக் கட்டம் போட்டாள்.

கெடுவின் கடைசி வாரம். மணி பதினொன்று. வரிசையில் நின்ற டிரெய்லர்களுக்குக் கம்பம் மூன்று மூன்று நொடியில் எழுந்தது. பதினெட்டு போயின. பத்தொன்பதாவது பாதி நுழைந்திருந்தபோது, யாரும் தொடாமல், கம்பம் படாரென்று கன்டெய்னர் மேல் விழுந்தது.

ஜூடி கடிகாரத்தைப் பலகையில் போட்டுவிட்டு ஓடினாள். மேனேஜர் அறையில் படத்தை ஓட்டினார்கள். பழையது அழிந்துகொண்டிருந்த அதே நிமிடம். ஒரு நொடிகூடக் குறையாமல் படம் இருந்தது. இடிக்காத வண்டி, கஸ்பார் சொன்னபடியே தானாக விழும் கம்பம். மேனேஜர் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். பிறகு இழுப்பறையைத் திறந்து கஸ்பாரின் பாஸை எடுத்தார்.

கஸ்பார் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே டீக்கடைக்கு வந்தார். "உன் பொட்டி முயிச்சிகினுதான் கீது போல." அதோடு சரி, நன்றி கின்றியெல்லாம் கிடையாது.

பலகையில் பாதி டீ ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. ரஹீமுன்னிசா அதைத் தொடவில்லை. ஜூடி எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.