பாகலூர் பி, தேன்கனிக்கோட்டை டி

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்களின் பெண்கள். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் என்று பேச ஆரம்பித்ததும், நானும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி மூலையில் வைத்தேன். விற்றவர் அதில் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறியும் கூடவே நகர்வதைப் பார்க்கவே பெண்கள் சீக்கிரம் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அவர்களில் இரண்டு பேர் கெட்டிக்காரிகள். ஒருத்தி கெலவரப்பள்ளி அணைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். இன்னொருத்தி அஞ்செட்டிக்காரி. அங்கிருந்து தினமும் வந்து போகிற மாதிரி பஸ் கிடையாது என்பதால் மூக்கண்டப்பள்ளியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். சித்தி வீடும் ஒரே அறைதான். சீக்கிரம் வேலை கிடைக்காவிட்டால் அவள் ஊருக்குத் திரும்பிவிடுவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

அந்தச் சமயம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் தேவை என்று, இரண்டு பேரையும் டெஸ்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அடுத்த வியாழக்கிழமை டெஸ்ட். சந்தோஷமாக இருந்தோம். அஞ்செட்டிப் பெண்ணின் சித்தப்பா அதே தொழிற்சாலையின் கேன்டீனில் இருந்தார். அவரிடம் விசாரித்துக்கொண்டு வந்தவளின் முகம் வாடியிருந்தது.

"மிஸ், அங்க மவுஸே கிடையாதாம். கறுப்பு ஸ்கிரீன்ல பச்சை எழுத்து மட்டும்தான் வருமாம். எல்லாத்தையும் டைப் அடிச்சுதான் கேக்கணுமாம்."

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. எண்பதுகளில் போட்ட யூனிக்ஸ் வகைச் சிஸ்டம் ஒன்றுதான் அங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வயர் இழுத்து திரையும் கீபோர்டும் மட்டுமே உள்ள ஏழெட்டு டெர்மினல்களில் வேலை செய்தார்கள். என் கம்ப்யூட்டரில் சொல்லிக்கொடுத்த எதுவும் அங்கே உதவாது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பெரிய சென்டர்களில் கேட்டேன். "அதெல்லாம் போயே போச்சுங்க" என்றார்கள்.

அப்போதுதான் கம்ப்யூட்டரோடு வந்த ஒரு பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. என் கையில் வருமுன் அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கம்பெனியில் இருந்ததாம். பெட்டிக்குள் நீல லேபிள் ஒட்டிய ஃப்ளாப்பிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் அதே பழைய சிஸ்டம். பெட்டி மேல் பெங்களூர் நிறுவனம் ஒன்றின் முத்திரையும் ஃபோன் நம்பரும் இருந்தன. சனிக்கிழமை காலையில் எதிர்ச்சாரியிலிருந்த எஸ்டிடி பூத்துக்குப் போய் அந்த நம்பருக்கு அடித்தேன்.

எடுத்தது ஒரு பெண். பெங்களூர்த் தமிழ்.

"அதை நாங்க விட்டு ரொம்ப வருஷம் ஆச்சும்மா. இப்போ யாரும் கேக்கறதே இல்ல" என்றார். நன்றி சொல்லி வைத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "இருங்க, லேபிள் என்ன கலர்?" என்று கேட்டார்.

"நீலம்."

"அப்போ அது நல்ல செட்டு. அந்தக் காலத்துல நானே ஊர் ஊராப் போய்ப் போட்டுக் குடுத்திருக்கேன். எதுக்கு உங்களுக்கு?"

இரண்டு பெண்களையும் டெஸ்டையும் பற்றிச் சொன்னேன். முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மீட்டர் ஓடுமில்ல, வைங்க. பூத் நம்பர் குடுங்க. லஞ்ச் டைம்ல நானே கூப்பிடறேன்" என்றார்.

பூத்காரர் தெலுங்குக்காரர். பக்கத்து பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே, "வரட்டும்க்கா, மத்தியானத்துல யாரு பேச வராங்க" என்றார்.

சொன்னபடி ஃபோன் வந்தது. ஆனால் ஃபோன் கீழே தெருவுக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் அந்தப் பக்கம் மாடியில். அஞ்செட்டிப் பெண் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாள். கெலவரப்பள்ளிப் பெண் மாடிப்படியில் நின்றாள். நான் ரிசீவரைப் பிடித்திருந்தேன். வயர் எட்டாததால் பூத்காரர் வாசலில் நின்று, நான் சொல்வதை மேலேயும், மேலே சொல்வதை என்னிடமும் கத்திச் சேர்த்தார். நடுவில் லாரி வந்தால் எல்லோரும் நிறுத்திக்கொள்வோம்.

ஆரம்பத்திலேயே மேலேயிருந்து ஒரு கேள்வி வந்தது. "மிஸ், உள்ள இருக்கறது பூரா அழிஞ்சிரும்ங்குது. சரின்னு அடிக்கட்டுமா?"

டிஸ்க் சின்னது, இரண்டு சிஸ்டத்துக்கும் இடமில்லை. இருக்கும் விண்டோஸ் போய்விட்டால் திரும்பப் போட என்னிடம் ஃப்ளாப்பி கிடையாது. மற்ற பெண்களின் வகுப்பும் நின்றுவிடும்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றது ஃபோனிலிருந்த குரல். அவசரப்படுத்தவே இல்லை. அந்த நிதானமே எனக்குத் தைரியம் கொடுத்தது. "அடிக்கச் சொல்லுங்கண்ணா" என்று பூத்காரரிடம் சொன்னேன்.

ஃப்ளாப்பிகளுக்கு பி ஒன்று, பி இரண்டு, டி ஒன்று என்று பெயர் இருந்தது. ஃபோனில் அவர் பி என்பார், அது மாடி ஏறுவதற்குள் டி ஆகிவிடும். தப்பான ஃப்ளாப்பியைப் போட்டதும் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கும். இரண்டு தடவை இப்படி ஆனதும் பூத்காரர் பொறுமையிழந்து மேலே பார்த்து, "பாகலூர் பி-ம்மா, பாகலூர் பி. தேன்கனிக்கோட்டை டி இல்ல" என்று கத்தினார். இரண்டும் எங்கள் பக்கத்து ஊர்கள்; பஸ் போர்டில் இங்கிலீஷில் ஒன்றுக்கு முதலெழுத்து பி, இன்னொன்றுக்கு டி. அதன் பிறகு குழப்பமே வரவில்லை. "பாகலூர் ஒண்ணு ஆச்சு", "பாகலூர் ரெண்டு ஓடுது" என்று மேலிருந்து பதில் வந்தது. பெங்களூரிலிருந்தவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்லா இருக்கே. உங்களுக்கு ஏ-ன்னா என்ன, ஆனேக்கல்லா?"

"அது உங்க பக்கம். எங்களுக்கு அஞ்செட்டி" என்றேன். பயமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

பாகலூர் நான்கில் நின்றுவிட்டது. எத்தனை தடவை போட்டாலும் படிக்கவில்லை. ஃப்ளாப்பி கெட்டுப்போயிருந்தது. கம்ப்யூட்டரில் இப்போது பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதை அப்படியே ஃபோனில் சொன்னேன்.

"வருத்தப்படாதீங்க. எங்க அலமாரில ஒரு செட்டு இருக்கணும், தேடறேன்" என்றார். நானே பெங்களூர் வருகிறேன் என்றேன். "நீங்க ஏன் அலையணும்? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அத்திப்பள்ளிலேர்ந்துதான் வர்றார். சாயங்காலம் அவர்கிட்ட குடுத்து விடறேன். பஸ் ஸ்டாப்புல நில்லுங்க."

எந்தப் புடவை என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு அன்று சாப்பிட நேரம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அப்போது அது தோன்றவும் இல்லை.

சாயங்காலம் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய் நின்றேன். வருவாரா என்று ஒரு பக்கம் சந்தேகம். ஏதோ ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கிய நடுவயதுக்காரர் ஒருவர் நேராக என்னிடம் வந்தார். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து ரப்பர் பேண்டு போட்ட ஃப்ளாப்பியை நீட்டினார். "மேடம் கொட்டித்தாரெ. ஜோப்பானா" என்றார். கன்னடத்தில், மேடம் கொடுத்திருக்கிறார், பத்திரம் என்று அர்த்தம். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தோம். பாகலூர் நான்கு ஓடியது. மிச்சமும் ஓடின. கறுப்புத் திரையில் உள்ளே போகப் பெயர் கேட்டது. கெலவரப்பள்ளிப் பெண் அடித்தாள். உள்ளே போனது. ஆனால் திரை முழுக்கப் பெரிய எழுத்தாகவே வந்தது. எதைச் செய்தாலும் அப்படியேதான். மறுபடி ஏதோ கெட்டுவிட்டது என்றே நினைத்தோம்.

திங்கள் காலை பெங்களூருக்கு அடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கேப்ஸ் லாக் போட்டுட்டு உள்ள போனீங்களா?" என்பதுதான். "பெரிய எழுத்துல பேரு குடுத்தா, இது பெரிய எழுத்து மட்டுமே உள்ள ஆதிகாலத்து மெஷின்னு அது நெனச்சுக்கும். பாவம், பழைய மனுஷங்க மாதிரி. வெளிய வந்து சின்ன எழுத்துல மறுபடி போங்க, சரியாயிடும்."

சரியாகிவிட்டது. அதன் பிறகு இருந்த நாட்களில் இரண்டு பெண்களும் காலையும் மாலையும் அந்தக் கறுப்புத் திரை முன்னால்தான். விண்டோஸ் வகுப்புப் பெண்கள் முணுமுணுக்கவில்லை. வேடிக்கை பார்த்து அவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை டெஸ்ட் முடிந்து இருவரும் நேராக இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார்கள். அஞ்செட்டிப் பெண்ணுக்கு முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்தவர் கேப்ஸ் லாக்கை எடுக்காமல் எழுந்துபோயிருந்தாராம். இவள் பெயரைக் கொடுத்ததும் திரை முழுக்கப் பெரிய எழுத்து.

"பயந்துட்டியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு மிஸ்? வெளிய வந்துட்டு மறுபடி உள்ள போனேன். டெஸ்ட் வெச்ச சார்தான் என்னை ஒரு மாதிரி பாத்தாரு."

வேலை அவளுக்குக் கிடைத்தது. கெலவரப்பள்ளிப் பெண்ணுக்கு அங்கே கிடைக்கவில்லை. இரண்டு நாள் என் கண்ணில் படாமலே இருந்தாள். ஆனால் அதே மாதிரிப் பழைய சிஸ்டம் ஓடிய இன்னொரு கம்பெனியில் அந்த வருஷமே அவளும் சேர்ந்தாள். அதற்கப்புறமும் சில வருஷங்கள் என் மூலைக் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய சிஸ்டமே ஓடியது. புதியதைக் கற்றுக்கொள்ளப் பஸ் ஸ்டாண்டுக்குப் போன பெண்கள், பழையதைக் கற்றுக்கொள்ள மூக்கண்டப்பள்ளிக்கு வந்தார்கள்.

வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் பெங்களூருக்கு ஃபோன் செய்தேன். "ரொம்ப சந்தோஷம்மா. அந்த ஃப்ளாப்பியைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உங்க கிட்டயே இருக்கட்டும். இனிமே அது உங்களுக்குத்தான் வேணும்" என்றார். பின்னால் பேசக் கூப்பிட்டபோது அந்த நம்பரில் வேறு யாரோ இருந்தார்கள்.

அவரை நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், கடையில் எனக்கு முன்னால் நிற்கிறவர், தப்பான நம்பருக்கு அடித்துவிட்டுத் தடுமாறுகிறவர் என்று யாராக வேண்டுமானாலும் அவர் இருக்கலாம் என்பதால், முன்பின் தெரியாதவர்களிடம் இன்றுவரை என்னால் கடுகடுவென்று பேச முடிவதில்லை.